காதுக்குப் பின்னால் மினுமினுப்பு

என் பார்லருக்கு வருகிறவர்கள் எல்லோரும் முகத்துக்குப் பளபளப்பு வேண்டும் என்றுதான் கேட்பார்கள். இருக்கிற பளபளப்பு போக வேண்டும் என்று கேட்டு வந்தவள் வேல்விழி ஒருத்திதான்.

2008 ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். விருதுநகர் பஜாரில் ஒரு நூல்கடைக்கு மேலே மாடியில் என் பார்லர். படியேறி வந்தவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். தலையில் இறுக்கிக் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கவில்லை. ஃபேஷியலுக்கு என்ன ரேட் என்று கேட்டுவிட்டு ஓடிப்போகிற ரகம் என்று நினைத்து, "உள்ள வாம்மா, கடிச்சுத் திங்க மாட்டேன்" என்றேன்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். துண்டை அவிழ்த்தாள். தலையைத் திருப்பிக் காது மடலை முன்னால் மடக்கிக் காட்டினாள். காதுக்குப் பின்னால் மடிப்பில், கழுத்தில் முடி தொடங்கும் இடத்தில், புருவத்து வேர்களில் எல்லாம் வெள்ளி நிறத்தில் பொடி அப்பியிருந்தது. ட்யூப் லைட் வெளிச்சத்தில் அது மினுங்கியதைப் பார்த்து ஒரு நிமிஷம் அழகாய்த்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். தொழில் புத்தி.

"பூச்சட்டிக்கு மருந்து கெட்டிக்கிற ரூம்ல இருக்கேன்க்கா. அலுமினியப் பவுடர். எம்புட்டு தேச்சுக் குளிச்சாலும் போக மாட்டேங்குது. ஞாயித்துக்கெளம என்னையப் பொண்ணு பாக்க வாராக. அதுக்குள்ள இது போகணும்."

எங்கள் பக்கத்தில் புஸ்வாணத்தைப் பூச்சட்டி என்றும், வெடிப்பொடியை மருந்து என்றும், பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றும்தான் சொல்வோம். ஒரு பெண் காலையில் ஆபீஸுக்குப் போகிறேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நாற்காலி, மேஜை, மின்விசிறி என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

"இந்தச் சுத்து வட்டாரத்துல பாதிச் சனம் ஆபீஸுக்குப் போற சனம்தான். இதுல ஒளிக்க என்ன இருக்கு?" என்றேன்.

அவள் கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். போன சீசனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் செல்வலட்சுமி. ஒரே ஊர், ஒரே வேன், ஒரே தூக்குச்சட்டியில் சாப்பாடு. ஒரு நாள் மத்தியானம் வேல்விழி தண்ணீர் குடிக்க வெளியே வந்திருக்கிறாள். "குடிச்சிட்டுத் திரும்புறேன், ரூமே இல்லக்கா" என்றாள். கொஞ்ச நாள் ஆபீஸ் மூடிக் கிடந்தது. சீசன் வந்ததும் திறந்தார்கள். வேறு ரூமில், அதே வேலையில் இவளை உட்கார வைத்தார்கள். அப்பா ஒச்சப்பனுக்கு முதுகெலும்பு தேய்ந்து, வயல் வேலையும் கட்டட வேலையும் நின்று போய்விட்டது. வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

"தெனமும் அந்த ரூம் வாசல்ல போய் நிக்கயில வாந்தி வரும்க்கா. ஓரமா எடுத்துட்டு, வாயக் கொப்புளிச்சிட்டு உள்ள போவேன். மாப்ளைக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில வேலையாம். அங்கன எனக்கு மருந்து வேலை தெரியும்னு தெரிஞ்சா திரும்பவும் ஆபீஸ் வேன்ல ஏத்தி விட்டுருவாக. வேலை தெரிஞ்சவள யாரு சும்மா வீட்ல வப்பா? அதான் ஒரு வருசமா வீட்லதான் இருக்கேன், தையல் படிக்கேன்னு தரகர்ட்ட எங்க அம்மாவச் சொல்லச் சொன்னேன். இந்தப் பவுடர் மட்டும் போயிருச்சுன்னா நான் தப்பிச்சிருவேன்."

தப்பிச்சிருவேன் என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணம் என்றால் நகை, சேலை, மாப்பிள்ளையின் மீசை என்று பேசுகிற பெண்களைத்தான் தினமும் பார்க்கிறேன். இவளுக்கு மாப்பிள்ளையின் பேர்கூடச் சரியாக ஞாபகமில்லை. காளீஸ்வரனா, காளிமுத்தா என்று அவளுக்கே சந்தேகம்.

அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு அவளை உட்கார வைத்தேன். தேங்காயெண்ணெய் தடவி ஊற வைத்து, பஞ்சில் துடைத்து, காது குடைகிற குச்சியால் மடிப்பு மடிப்பாய் எடுத்து, பிறகு ஷாம்பூ போட்டு அலசினேன். பஞ்செல்லாம் கறுத்துப் போனது. தோலில் வெள்ளியாய் மினுங்குகிற அந்தப் பவுடர், துடைத்தால் கரி மாதிரி இழுபடும். கடைசியில் அவளுடைய சொந்த நிறம் தெரிந்தது. நல்ல மாநிறம், மூக்கும் முழியுமான பெண்.

"ஞாயித்துக்கெளம வரைக்கும் ஆபீஸ் பக்கம் போகாத. போனா நான் பட்ட பாடெல்லாம் வீண். அன்னைக்கு நானே வந்து மேக்கப் போட்டு விடுறேன்" என்றேன். தலையாட்டினாள். அப்படித் தலையாட்டுகிறவர்களை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். என் அம்மா ஞானபூரணி, ஓய்வு பெற்ற நர்ஸ். வீட்டில் அண்ணி நர்ஸ், அத்தை நர்ஸ். நான் மட்டும் மதுரையில் அழகுக்கலை படித்து வந்தவள். "ஆண்டவர் நாள்ல போய் மூஞ்சிக்கு வெள்ளையடிக்கப் போறா" என்று அம்மா வாசல் வரை வந்து வாழ்த்தி அனுப்பினாள்.

ஆமத்தூரில் இறங்கி நடந்தால் வேல்விழியின் வீடு. ஒரே அறை, ஒரு அடுப்படி, வாசலில் வாடகை நாற்காலிகள். வேல்விழி என்னைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பினாள். எனக்குப் புரிந்துவிட்டது. காதை மடக்கிப் பார்த்தேன். வெள்ளி.

"போனியா?"

"நேத்து வரைக்கும் போனேன்க்கா. சீசன் ஆர்டரு. லீவு போட்டா வேன்ல எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு போர்மேன் சொல்லிட்டாரு. இந்தச் சம்பந்தம் முடியலைன்னா அதுவும் போயிருமேன்னு..."

நாலு வார்த்தை நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாய் வரை வந்தது. அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? திட்ட வேண்டியவன் அங்கே இல்லை. அவள் அம்மா கருப்பம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். முடிந்த மட்டும் துடைத்தேன். முகம் சுத்தமாகிவிட்டது. புருவ வேரிலும் நெற்றி ஓரத்திலும் முடிக்குள்ளும் மட்டும் விடாப்பிடியாக நின்றது. தலையை அலசிக் காயவைக்க நேரமில்லை. மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஏறிவிட்டதாகத் தரகர் போன் பண்ணிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் பெட்டியில் ஒரு ஹைலைட்டர் இருந்தது. குவைத்திலிருந்து அண்ணி கொண்டுவந்த வட்ட டப்பா. சந்தனமும் ரோஜாவும் கலந்த நிறத்தில் பொடி. அப்போது விருதுநகரில் அது என்னிடம் மட்டும்தான் இருந்தது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். முகத்தில் மினுங்க வேண்டிய இடத்தில் எல்லாம் அழகாக மினுங்கினால், ஓரத்தில் மிச்சமிருக்கிற மினுக்கும் அதோடு சேர்ந்துவிடும். பார்க்கிறவர்கள் எல்லாமே மேக்கப் என்றுதான் நினைப்பார்கள்.

அவளை வாசலோரம் பகல் வெளிச்சத்தில் உட்கார வைத்தேன். பல்பு வெளிச்சத்தில் இந்தப் பொடியைப் போட்டால் அளவு தெரியாது. வெளியே வந்ததும் கூத்தில் ராஜா வேஷம் கட்டினவர் மாதிரி ஆகிவிடும். லேசாக பவுண்டேஷன், மேலே காம்பேக்ட் பவுடர். அது படிந்து நன்றாக உலர்ந்த பிறகுதான் ஹைலைட்டர். ஈர முகத்தில் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். பிரஷ்ஷைப் பொடியில் குத்தக் கூடாது. மேலாகத் தடவி எடுத்து, டப்பா ஓரத்தில் தட்டி உதறிவிட்டு, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில்தான் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

"கொஞ்சம் சிரி" என்றேன். சிரித்தால் கன்ன எலும்பின் மேடு தெரியும். அங்கிருந்து நெற்றிப்பொட்டு வரை இழுக்க வேண்டும். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாப்ள பேரு காளிமுத்தா காளீஸ்வரனான்னு இப்பவாச்சும் தெரியுமா?" என்றேன்.

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் பிரஷ்ஷை ஓட்டினேன். மூக்குத் தண்டில் மெல்லிசாய் ஒரு கோடு. புருவத்துக்குக் கீழே எலும்பில் கொஞ்சம். மேல் உதட்டின் நடுப்பள்ளத்தில் சுண்டுவிரலால் ஒரு ஒற்று. நெற்றி ஓரத்தில் மிச்சமிருந்த வெள்ளியின் மேலேயும் தேய்த்துக் கலந்துவிட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். போட்டிருக்கிறது என்றே தெரியவில்லை. நல்ல தூக்கம் தூங்கி, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, நிம்மதியாக இருக்கிற ஒரு பெண்ணின் முகம் மாதிரி இருந்தது. இயற்கையான பளபளப்பு என்று எங்கள் தொழிலில் சொல்வது அதைத்தான்.

கண்ணாடியைக் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தாள். "வீட்லயே இருக்கிற புள்ள மாதிரி இருக்கேன்ல?" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது மணி பத்தரை இருக்கும். காளீஸ்வரன் வாட்டசாட்டமான பையன், கூச்ச சுபாவம். கூட அவன் அம்மா வெள்ளைத்தாயும் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேரும். வெள்ளைத்தாய் ஒல்லியான, துடியான பெண். வந்து உட்கார்ந்ததுமே வெயிலையும் பஸ்ஸையும் தரகரையும் ஒரே மூச்சில் கேலி பேசி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டாள். எனக்கும் அவளைப் பிடித்துப்போனது.

வேல்விழி காபித் தட்டோடு வந்தாள். காளீஸ்வரன் நிமிர்ந்து பார்த்தவன் தம்ளரை எடுக்க மறந்துவிட்டான். வாசல் வெளிச்சம் அவள் கன்னத்தில் பட்டு, அவள் திரும்புகிற பக்கமெல்லாம் மெல்லக் கூடவே நகர்ந்தது. அடுப்படிக் கதவோரம் நின்ற எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அப்போதுதான் கரண்ட் போனது.

அந்த வருஷம் கரண்ட் போகாத நாளே கிடையாது. தெரிந்த விஷயம்தான். ஆனால் ஆனி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அத்தனை பேர் மூச்சுவிடும் அறையில் ஃபேன் நின்றால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்கவில்லை. எல்லோரும் விசிறியையும் துண்டையும் எடுத்தார்கள். வேல்விழிக்கு நெற்றியில் வேர்வை பூத்தது. பிறகு காதோரம் இறங்கியது.

"இங்கன வந்து என் பக்கத்துல உக்காரு தாயி. பூ வச்சு விடுறேன்" என்றாள் வெள்ளைத்தாய்.

பெண் பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கருப்பம்மாளுக்கு முகமெல்லாம் பல். வேல்விழி பாயில் போய் உட்கார்ந்து முதுகைக் காட்டினாள். வெள்ளைத்தாய் மல்லிகைச் சரத்தை எடுத்து, பின்னலை ஒதுக்கி, "எப்பிடி வேக்குது பாரு புள்ளைக்கு" என்று தன் முந்தானையால் அவள் கழுத்தைத் துடைத்துவிட்டாள். முந்தானையை மடியில் போடப் போனவள் நிறுத்தி அதைப் பார்த்தாள்.

வெளிர் மஞ்சள் சேலை. அதில் கறுப்பாக ஒரு இழுப்பு.

அவள் பூவை வைத்து முடித்தாள். பிறகு எழுந்து, "உள்ள வாத்தா, ஒரு வார்த்த பேசணும்" என்று வேல்விழியை அடுப்படிக்குக் கூட்டிவந்தாள். கருப்பம்மாள் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தாள். நான் ஏற்கெனவே அங்கேதான் இருந்தேன்.

வெள்ளைத்தாய் வேல்விழியின் காதை மடக்கிப் பார்த்தாள். முடிக்குள் இருந்த பொடி வேர்வையோடு சேர்ந்து கோடு கோடாக இறங்கியிருந்தது. கட்டைவிரலால் தொட்டு, ஆள்காட்டி விரலோடு வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"மேக்கப்புங்க" என்றேன் நான். "நான் போட்ட பவுடர்தான். வெளிநாட்டுச் சாமான். வேர்த்தா கொஞ்சம் இப்பிடித்தான்..."

"மூஞ்சியில இருக்கிறது ஒங்க பவுடரு, நல்லாத்தான் இருக்கு" என்றாள் வெள்ளைத்தாய். "களுத்துல இருக்கிறது எங்க பவுடரு." வேல்விழியைப் பார்த்துக் கேட்டாள். "மத்தாப்பா, பூச்சட்டியா தாயி?"

கருப்பம்மாள் அழத் தொடங்கிவிட்டாள். "தப்பா நெனைக்காதீக மதினி. வேணும்னு மறைக்கல. சின்னஞ்சிறுசு, அது ஆசப்பட்டுச் சொல்லச் சொல்லுச்சு..."

"பூச்சட்டி" என்றாள் வேல்விழி.

வெள்ளைத்தாய் சிரித்தாள். அது கேலிச் சிரிப்பு இல்லை. மனசு நிறைந்து, சுமையை இறக்கி வைத்தவள் சிரிக்கிற சிரிப்பு.

"இத ஏன் மறைச்சீக? தையல் படிக்கிற புள்ள, வெயிலு படாத புள்ளன்னு தரகன் சொன்னதும், நம்ம வீட்டுக்கு எப்பிடி ஒத்துவரும்னு நான் பயந்துகிட்டே வந்தேன். அவன் ஆலையில காண்ட்ராக்ட்டு ஆளுதான். எப்ப நிப்பாட்டுவான்னு தெரியாது. நான்தான் எம்புட்டோ வருசமா பூச்சட்டிக்குப் போயி குடும்பத்த இழுத்தேன். இப்ப கை நடுங்குது, இங்க பாரு." கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் மெல்ல ஆடின. "நடுங்குற கைய வச்சுக்கிட்டு மருந்துல ஒக்காரக் கூடாதுல. நின்னுட்டேன். ஆனா எடத்த விடல. மருமக வருவா, அதுவரைக்கும் யாரையும் போடாதீகன்னு போர்மேன்ட்ட சொல்லி வச்சிருக்கேன். சன்னலோரம், காத்து வரும். ராசியான எடம் தாயி. எனக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல."

கருப்பம்மாளின் அழுகை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்படி மாடத்தில் இருந்த காளியம்மன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நான் போக மாட்டேன் அத்தை" என்றாள் வேல்விழி. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. "கல்யாணம் முடிச்சாலும் போக மாட்டேன். எனக்கு அங்கன நிக்க முடியல."

"அவளுக்குப் பக்கத்துல இருந்த புள்ள செத்துப் போச்சுங்க" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன? "ரூம் வாசல்ல தெனமும் வாந்தி எடுத்துட்டு உள்ள போறா. அத விட்டு வெளிய வரத்தான் இந்தக் கல்யாணமே."

வெள்ளைத்தாய் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சண்டை போடத் தெரியும். அவள் கோபப்படவில்லை. வேல்விழியின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"எங்கூடப் பொறந்தவளும் ஏளாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு ஆபீஸ் வெடிச்சதுலதான் செத்துப்போனா. கருமாதி முடிஞ்ச மறுநா நான் வேன் ஏறுனேன். பயம் எல்லாருக்கும் இருக்கத்தான் செய்யும் தாயி." பிறகு கேட்டாள், "நேத்து போனியா?"

வேல்விழி தலையாட்டினாள்.

"இந்தச் சம்பந்தம் வேணாம்னு நீ சொல்லிட்டாலும், நாளைக்குப் போவதான?"

வேல்விழி அம்மாவைப் பார்த்தாள். கருப்பம்மாள் பாத்திரத்தைப் பார்த்தாள். வாசலில் இருந்து ஒச்சப்பன் முதுகு வலியோடு இருமுகிற சத்தம் கேட்டது. வேல்விழி என்னைப் பார்த்தாள். என் பார்லரில் வேலைக்கு வந்துவிடு என்று சொல்லலாமா என்று அந்த நிமிஷம் நினைத்தேன். அங்கே எனக்கே வாரத்தில் பாதி நாள் வேலை கிடையாது. அதைச் சொல்லி அவளை இன்னொரு முறை ஏமாற்ற எனக்கு வாய் வரவில்லை.

"பெறகு என்ன?" என்றாள் வெள்ளைத்தாய், அன்பாகவே. "எங்கன போனாலும் அதே வேலைதான். நம்ம வீட்ல இருந்து போ. சாயங்காலம் நீ வரயில வெந்நி வச்சு, சோறாக்கி வச்சிருப்பேன். ஒங்க அம்மாவால இந்த மனுசனையும் பாத்துக்கிட்டு அது முடியுதா?"

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

வெளியே கூப்பிட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றிக்கொள்ளலாம், பேச்சு முடிந்தது என்று ஆண்கள் முடிவு செய்துவிட்டார்கள். வெள்ளைத்தாய் அங்கே போனாள். கருப்பம்மாள் என் கையைப் பிடித்து, "மூஞ்சி கலைஞ்சு போச்சும்மா. கொஞ்சம் சரி பண்ணி விடுங்க, எல்லாரும் பாக்குறாக" என்றாள்.

ஈரத்தை ஒற்றி எடுத்தேன். மறுபடியும் நனைந்தது. மறுபடியும் ஒற்றினேன். வேல்விழி முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடி, வேலை செய்ய வசதியாகக் காட்டிக்கொண்டிருந்தாள். காய்ந்ததும் பவுடர் வைத்து, பிரஷ்ஷைத் தட்டி உதறி, கன்ன மேட்டில் இழுத்தேன். இந்த முறை சிரிக்கச் சொல்லவில்லை. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. அழகாகத்தான் வந்தது.

தட்டு மாற்றினார்கள். காளீஸ்வரன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நல்ல பையன், சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. எல்லோரும் அதையே நல்ல சகுனம் என்றார்கள்.

கிளம்பும்போது வெள்ளைத்தாய் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். வேல்விழியின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். அவள் விரல்களில் என் ஹைலைட்டர் ஒட்டி மினுங்கியது.

"நாளைக்கு வேலைக்குப் போறப்ப தலையில துணிய நல்லா எறக்கிக் கட்டிக்க தாயி" என்றாள். "கல்யாணத்துக்குள்ள மூஞ்சி கெட்டுறக் கூடாது."

"சரி அத்தை" என்றாள் வேல்விழி.